தனி லேயரில் செங்கோடன்

சங்ககிரிக்குக் கிழக்கே, ஆண்களில் பாதிப்பேர் எந்த நாளிலும் வேறு ஏதாவது ஒரு மாநிலத்தில் இருக்கிற எங்கள் வெள்ளக்கல்பட்டியிலிருந்து பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமுக்குப் போன டிரைவர் செங்கோடன் திரும்பி வரவில்லை. அவன் ஓட்டிப்போன லாரி மட்டும் சிலிகுரிக்கு அப்பால் ஒரு தாபா வாசலில், சாலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக, ஒரு மூட்டைகூடக் குறையாமல், சாவி முன் டயரின் மேல் வைக்கப்பட்டு நின்றிருந்தது. வழிப்பறிக்காரர்கள் கடத்திவிட்டார்கள் என்றார்கள், ஆற்றில் குளிக்க இறங்கியிருப்பான் என்றார்கள், காய்ச்சலில் புத்தி தடுமாறி எங்காவது நடந்து போயிருப்பான் என்றார்கள். கடத்துகிறவன் சாவியை டயர்மேல் வைத்துவிட்டா போவான், குளிக்கப் போகிறவன் துணிப்பையை எடுத்துக்கொண்டா போவான் என்று மட்டும் அவன் மனைவி மயிலாத்தாள் காதில் விழும்படி யாரும் கேட்கவில்லை. மயிலாத்தாள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. முட்டைக் குடோனில் அட்டை அடுக்கும் வேலைக்குப் போய் மகள் தாரணியை வளர்த்துப் படிக்கவைத்து, இருபத்திரண்டாம் வயதில் ஈரோட்டு மாப்பிள்ளைக்கு நிச்சயம் செய்தாள். நிச்சயம் முடிந்த மறுநாள் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு கோகிலவாணியின் கடைக்கு வந்தாள்.

கோகிலவாணியின் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, லாரிக்கு வில்பட்டை மாற்றும் பட்டறைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது. ராசிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து போட்டோஷாப்பைத் தானாகவே கற்றுக்கொண்ட அவள், ஊரின் எல்லா முகங்களையும் அருகில் பார்த்தவள். யாருக்கு எங்கே மரு, யாருக்கு எந்தக் கண் சிறியது என்பது அவளுக்குத் தெரியும். மூடிய கண்ணைத் திறந்து கொடுப்பாள், இருபது வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பியைக் காதுகுத்து பேனரில் தோளோடு தோள் நிற்கவைப்பாள், பேரன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர் மடியில் பேரனை உட்காரவைப்பாள், யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

“இது அவுங்க பழைய லைசென்ஸ்ல இருந்த போட்டோ கண்ணு,” என்று மயிலாத்தாள் உறையை மேசைமேல் வைத்தாள். “வேற படமே இல்ல. கல்யாண பேனர்ல எனக்குப் பின்னால, தாரணிக்குப் பின்னால நிக்கோணும். ஆனா இந்த வயசுல வேண்டாம். இன்னைக்கு இருந்தா எப்படி இருப்பாங்களோ அப்படி வேணும்.”

“ஒரு வாரம் குடுங்கக்கா,” என்றாள் கோகிலவாணி.

தபால்தலை அளவு படம் அது, கன்னத்தின் குறுக்கே அலுவலக முத்திரையின் ஊதா வளைவு ஓடியது. கோகிலவாணி அதைப் பெரிதாக்கினாள், முத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள், அதன் அடியில் இருந்த கன்னத்தைப் பக்கத்துத் தோலிலிருந்து எடுத்து நிரப்பினாள், காதோர முடியை நரைக்கவைத்தாள், கண்ணுக்குக் கீழே டிரைவர்களுக்கு வரும் பையை வரைந்தாள், முன்நெற்றியை ஏற்றினாள், கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டையையும் உடம்பையும் வரைபலகையில் பேனாவால் வரைந்து சேர்த்தாள். கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்று வைப்பதுபோல அந்த மென்பொருளில் ஒவ்வொரு ஆளையும் ஒரு தனி லேயரில் வைக்கலாம். மயிலாத்தாள் ஒரு லேயர், தாரணி ஒரு லேயர், இருவருக்கும் பின்னால் செங்கோடன் ஒரு லேயர். ஏழாம் நாள் வேலை முடிந்தது. எட்டாம் நாள் காலையில் முகூர்த்த நேரத்தைத் திருத்துவதற்காகக் கோப்பைத் திறந்தபோது செங்கோடனுக்கு இரண்டு நாள் தாடி வளர்ந்திருந்தது.

தான்தான் ஏதோ மறதியில் வரைந்துவிட்டோம் என்று நினைத்து அவள் தாடியை அழித்துச் சேமித்தாள். மறுநாள் தாடி மூன்று நாள் அளவுக்கு வந்திருந்தது. அதற்கு மறுநாள் அவனே மழித்திருந்தான், தாடையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது, வெள்ளைச் சட்டை போய்க் கட்டம்போட்ட சட்டை வந்திருந்தது, அதில் மூன்றாவது பொத்தான் இல்லை. முன்னால் நின்ற மயிலாத்தாளும் தாரணியும் படம் எடுத்த அன்று எப்படியோ அப்படியே இருந்தார்கள். கோகிலவாணி சாயங்காலம் மயிலாத்தாளை வரச்சொல்லிக் காட்டினாள்.

மயிலாத்தாள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

“இளைச்சுட்டாங்க,” என்றாள். பிறகு, “சட்டைக்குப் பொத்தான் வெச்சுத் தர ஆளில்ல போல,” என்றாள்.

அன்றிலிருந்து குடோனில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்ததும் தூக்குப்போசியோடு கடைக்கு வந்து, திரைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவது அவளுக்கு வழக்கமாயிற்று. கோப்பை மூடித் திறக்கும்போதெல்லாம் அவன் கொஞ்சம் மாறியிருப்பான். ஒருமுறை ஈரத்தலையோடு, ஒருமுறை தும்மப் போகிற மூக்கோடு, ஒருமுறை யாரையோ பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய வாயோடு. பேனரில் அச்சான செங்கோடன் மட்டும் மாறவில்லை, அவன் மண்டப வாசலில் இரண்டு நாள் வெயிலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணம் முடிந்ததும் யார் வீட்டுக் கூரைக்கோ போய்ச் சேர்ந்தான்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. முடிதிருத்தும் ராசு வந்து பார்த்து, காதோரத்தில் கத்தரி பிடித்தவன் கை பழகாதவன் என்று சொல்லிவிட்டுப் போனார். லோடு இறக்கிவிட்டு வந்த டிரைவர்கள் வீட்டுக்குப் போகும் முன் ஒரு நடை வந்து, “இன்னைக்கு எப்படி இருக்கான்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள், பட்டறைக்காரர் அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கொண்டுவந்து போட்டார். செங்கோடனுக்கு உடம்புக்கு முடியாமல் கண் சிவந்திருந்த மூன்று நாளும் பெண்கள் மாரியம்மன் கோயிலில் அவன் பேரில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். இத்தனை வருடம் காணாமற்போனவரை இறந்தவர் என்றே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்பதற்காக வந்த கிராம அலுவலர், கடைக்கு அழைத்துவரப்பட்டு, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தாளில் ‘வெளியூர்’ என்று எழுதிக்கொண்டு போனார்.

எந்த வெளியூர் என்று முதலில் கேட்டவர் காதர் பாய். முப்பது வருடமாக வடக்கே ஓட்டுகிறவர், செங்கோடனுக்கு கியர் போடக் கற்றுக்கொடுத்தவர்.

“ஏம்மா, ஆளு மட்டும் தெரியுதே, அவன் நிக்கற எடம் தெரியலையே,” என்றார்.

“ஆளச் சுத்தி வெட்டித்தானுங்க எடுத்தேன். மிச்சத்த மறைச்சு வெச்சிருக்கறனுங்க,” என்றாள் கோகிலவாணி.

“மறைச்சதத் தெறக்க முடியாதா?”

லைசென்ஸ் படத்தில் அவனைச் சுற்றி இருந்தது வெறும் வெள்ளைச் சுவர், திறந்தால் அதுதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் மறைப்பை விலக்கும் பிரஷ்ஷை எடுத்து அவன் தோளுக்கு வலப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டினாள். நீலம் பூசிய மண்சுவர் ஒன்று தெரிந்தது. அதன்மேல் காலை வெயில் இருந்தது.

அதன்பிறகு அந்தப் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. அவள் தினமும் ஒரு சாண் திறப்பாள், அதற்குமேல் அன்றைக்கு பிரஷ் ஓடாது, திறந்தது மட்டும் திறந்தபடி இருக்கும். டிரைவர்கள் திறந்த இடத்தைப் படித்தார்கள். இந்தியாவின் எல்லாச் சாலைகளின் ஓரத்திலும் படுத்து எழுந்த அந்த மனிதர்கள், ஒருவர் மண்ணின் நிறத்தைப் பார்த்து பீகார் இல்லை என்றார், ஒருவர் வேலியில் மூங்கிலைக் குறுக்காகப் பின்னியிருக்கும் விதத்தைப் பார்த்து அஸ்ஸாமில் ஆற்றுக்கு வடகரை என்றார், ஒருவர் பாக்கு மரத்தில் வெற்றிலைக் கொடி ஏறியிருப்பதைக் காட்டி வடகரையிலும் மேற்கே என்றார், இன்னொருவர் அடிபம்பின் கைப்பிடியைப் பார்த்து அதை எந்த ஊர்க் கொல்லன் அடித்திருப்பான் என்றுகூடச் சொன்னார். மாசி மாதம் முடிவதற்குள் வலப்பக்கம் வேலிவரை திறந்துவிட்டது. வேலிக்கு வெளியே சாலை, சாலையோரம் ஒரு மைல்கல், கல்லில் எழுத்து. காதர் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையவில்லை.

“பங்குனி கடைசில எனக்கு கௌஹாத்தி லோடு இருக்குது,” என்றார் அவர். “போற வழியில இருந்து அறுபது கிலோமீட்டர் உள்ள. போயி ஆளக் கூட்டியாந்துடறேன் அம்மிணி.”

மயிலாத்தாள் தூக்குப்போசியை மூடினாள். “சரிங்கண்ணா,” என்றாள்.

காதர் பாய் கிளம்பிப்போன மறுநாள் காலையில், கடையில் யாரும் இல்லாத நேரத்தில், கோகிலவாணி இடப்பக்கத்தைத் திறந்தாள். வலப்பக்கம் ஊர் தெரிந்துவிட்டதால் இடப்பக்கத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. பிரஷ் ஓடிய இடத்தில் செங்கோடனின் முழங்கையைப் பிடித்திருந்த ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில், அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண்கள் போடுகிற வெண்சங்கு வளையலும் அதையொட்டி ஒரு சிவப்பு வளையலும் இருந்தன. அவள் பிரஷ்ஷைக் கீழே இறக்கினாள். அவன் இடுப்பு உயரத்தில், ஆறு வயது இருக்கலாம், ஒரு பெண் குழந்தையின் தலை தெரிந்தது, தாரணியின் பள்ளிக்கூடப் படங்களில் அவள் எத்தனையோ முறை பார்த்திருந்த, மேல் மடல் கொஞ்சம் கூர்ந்த அதே காது.

அவள் திறந்ததை மறுபடி மறைத்துவிட்டு, வெகுநேரம் வேறொருவரின் பூப்பு நீராட்டு விழா பேனரில் பூமாலை வரைந்துகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் மயிலாத்தாள் வந்தாள், சாப்பிட்டாள், போனாள். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் ஒரு புதுக் கம்பளி வாங்கிவந்திருந்தாள், திரும்பி வரும்போது லாரியில் குளிரும் என்று அடுத்த லோடுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாமா என்று யோசனை கேட்டாள். பொய்யையே தொழிலாகச் செய்தும் கோகிலவாணி யாரிடமும் பொய் சொல்லிப் பழகாதவள். நான்காம் நாள், காதர் பாய் வங்காளத்துக்குள் நுழைந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று, டிரைவர்கள் வருவதற்கு முன்பே மயிலாத்தாளை அழைத்துவந்து, ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“அக்கா, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. நான் பாத்துட்டேன். உங்களுக்குக் காட்டல.”

“எத்தன நாளா?”

“மூணு நாளாங்க.”

“தெற,” என்றாள் மயிலாத்தாள்.

கோகிலவாணி திறந்தாள். கை வந்தது, வளையல் வந்தது, ஒடிசலான ஒரு பெண்ணின் தோளும் பாதி முகமும் வந்தன, குழந்தை வந்தது. மயிலாத்தாள் நாற்காலியை முன்னால் நகர்த்திப்போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணின் பாதி முகத்தைப் பார்த்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள், கடைசியாகத்தான் செங்கோடனைப் பார்த்தாள். அவன் திரைக்கு முன்னால் இருந்த இவர்களைப் பார்க்காமல் குழந்தையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையில் மூன்றாவது பொத்தான் தைக்கப்பட்டிருந்தது, வேறு நிறத்தில்.

“இந்தப் பொண்ணையும் கொழந்தையையும் இதுல இருந்து எடுத்துடலாமா?”

“ஒரு பொத்தான அமுக்குனாப் போதுங்கக்கா.”

“அமுக்குனா அங்க என்ன ஆவும்?”

“தெரியலீங்க.”

“இந்தப் படத்துல இருந்து மட்டும் போவாங்களா, இல்ல அங்கிருந்தும் போயிருவாங்களா?”

“தெரியலீங்கக்கா. நான் அத செஞ்சு பாத்ததில்ல.”

“எது அந்தப் பொத்தான்?”

கோகிலவாணி விசைப்பலகையில் காட்டினாள். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் பலர் சொன்னார்கள், அவளும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் அது மயிலாத்தாளின் படமாகத்தான் தோன்றியது. மயிலாத்தாள் சுட்டுவிரலை அந்தப் பொத்தானின்மேல் வைத்தாள். பன்னிரண்டு வருடம் அட்டை அடுக்கியதில் அந்த விரலின் நுனி மழமழவென்று ரேகையில்லாமல் இருந்தது. விரல் அங்கேயே இருக்க, “ஒருக்கா மூடித் தெற,” என்றாள். கோகிலவாணி மூடித் திறந்தாள். இப்போது குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது, முன்னால் ஒரு தட்டு இருந்தது, கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

மயிலாத்தாள் விரலை எடுத்தாள்.

“சோறு தின்னுட்டு இருக்குது,” என்றாள். பிறகு எழுந்து ஷட்டரை அவளே மேலே தூக்கிவிட்டாள். “தெறந்தே இருக்கட்டும் கண்ணு. அல்லாரும் பாக்கட்டும்.”

எல்லாரும் பார்த்தார்கள். அன்று பெஞ்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கட்டித் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள் சிலர். கல்லால் அடிக்கவேண்டும் என்றார்கள், கல்லால் அடிப்பதற்கு முதலில் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார்கள். குடோன் பெண்கள் வரிசையாக வந்து அந்த வடக்கத்திப் பெண்ணைப் பார்த்து, சொல்லிக்கொள்ளும்படி அழகில்லை என்றார்கள், கொஞ்சம் கழித்து, ரத்தம் இல்லாத உடம்பு போல, கீரை சாப்பிடவேண்டும் என்றார்கள். ஈரோட்டிலிருந்து தாரணி வந்தாள். குழந்தையின் முகத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னாள், திரை முழுக்க அது நிறைந்ததும் தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள், மூன்று மணி பேருந்தில் திரும்பிப் போனாள்.

காதர் பாய்க்குப் போன் போட்டுத் திரும்பச் சொல்லிவிடலாமா என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

“வேண்டாம்,” என்றாள் மயிலாத்தாள். “இங்கிருந்து ஒருத்தர் போயி நேர்ல பாத்தாத்தான் எனக்கு இது நெசம்.”

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்குப் பெஞ்சும் கடைவாசலும் நிறைந்திருந்தன. மயிலாத்தாள் அன்று குடோனுக்குப் போகவில்லை. கோகிலவாணி கோப்பை மூடித் திறந்தாள். வேலி, பாக்கு மரம், அடிபம்பு, பம்படியில் செங்கோடன். மூடித் திறந்தாள்; வேலிக்கு வெளியே சாலையில் புழுதி. மூடித் திறந்தாள், படத்தின் வலது ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு லாரியின் முகம், நெற்றியில் எங்கள் ஊர் மாரியம்மன் பெயர். யாரோ ஒருவர் எண் பலகையை மெதுவாக வாசித்தார். அடுத்தமுறை திறந்தபோது காதர் பாய் கீழே இறங்கி வேலிப் படலுக்கு வெளியே தலைத்துண்டை உதறிக்கொண்டு நின்றார். மயிலாத்தாளின் கைப்பேசி அடித்தது. அவள் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“அம்மிணி, வந்துட்டேன். பத்தடில நிக்கறான். வெய்யிலு அவன் கண்ணுல அடிக்குது, என்னை இன்னும் அடையாளம் தெரியல.” குரல் தாழ்ந்தது. “இங்க ஒரு பொம்பளையும் கொழந்தையும் இருக்கறாங்க அம்மிணி.”

“தெரியுமுங்கண்ணா. பாத்துட்டேன்.”

கைப்பேசியில் அவர் குரலுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது, அந்தச் சேவல் திரையில் வேலியோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

“நான் என்ன சொல்லட்டும்?”

வாசலில் நின்றவர்கள் ஆளாளுக்கு ஒன்று சொல்ல வாயெடுத்து, மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவள் திரையில் இருந்த பம்பையும் அதனடியில் நனைந்திருந்த மண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி கேட்டுக் குடிச்சுட்டு வாங்க,” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

“யாரு அனுப்புனாங்கன்னு கேட்டா?”

“கேக்க மாட்டாங்க.”

கைப்பேசியை அவள் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். கோகிலவாணி மூடித் திறந்தாள். காதர் பாய் குனிந்து இரண்டு கையையும் குவித்திருந்தார், செங்கோடன் செம்பைச் சரித்து ஊற்றிக்கொண்டிருந்தான், தண்ணீர் நடுவில் கண்ணாடிக் கம்பிபோல நின்றது. அடுத்தமுறை இருவரும் நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடனின் வாய் திறந்திருந்தது, ஏதோ கேட்டுவிட்டானா, கேட்கப் போகிறானா என்று தெரியவில்லை. அதற்கடுத்த முறை காதர் பாயின் கை மறுபடி குவிந்திருந்தது, செம்பு மறுபடி சரிந்திருந்தது. அதற்கடுத்த முறை லாரி இல்லை. சாலையில் புழுதி அடங்கியிருந்தது. செங்கோடன் வெறும் செம்போடு வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் முதுகைக் காட்டி, தெற்கே பார்த்து நின்றான். குழந்தை அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“இன்னொருக்கா தெறக்கட்டுங்களா?” என்று கோகிலவாணி கேட்டாள்.

“போதும் கண்ணு. மூடிரு.”

சேமிக்க வேண்டுமா என்று திரையில் ஒரு சின்னக் கட்டம் கேட்டது. கோகிலவாணி மயிலாத்தாளைப் பார்த்தாள்.

“இப்ப இது என்ன பேருல இருக்குது?”

“தாரணி கல்யாணம்னு இருக்குதுங்க.”

“அதுல இருந்து என்னையும் தாரணியையும் எடுத்துட்டு வை. பேரையும் மாத்து. ‘அவுங்க ஊடு’ன்னு போடு.”

கோகிலவாணி முதலில் மயிலாத்தாளின் லேயரை எடுத்தாள், பிறகு தாரணியின் லேயரை எடுத்தாள்; அவர்கள் நின்ற இடத்தில் நீலச் சுவரின் அடிப்பகுதியும், சுவரோரம் கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டுகளும் தெரிந்தன. சொன்ன பெயரைத் தட்டிச் சேமித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, பட்டறைக்கும் டீக்கடைக்கும் வீட்டுக்கும் போனார்கள். மத்தியான லோடுக்கு முட்டை அடுக்க ஆள் பத்தாது என்று மயிலாத்தாளும் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“வைகாசில தாரணிக்கு வளைகாப்பு. ஒரு பேனர் வேணும். நானும் அவளும் மட்டும் போதும் கண்ணு. பின்னால ஆரையும் வரையாதே.”